வெங்காய முதலாளி அத்தியாயம்

2022 ஜனவரி 9, ஞாயிறு

கொழும்பிலிருந்து வந்து எங்கள் பாலாவிச் சந்தியில் இறங்கும்போது நல்ல மழை. சீமெந்து லொறி ஒன்று குழியில் இறங்கி ஏறி, என்னிடம் இருக்கும் ஒரே நல்ல அபாயாவின் கீழ்ப்பாதியைச் சாம்பல் நிறமாக்கிவிட்டுப் போனது. பைக்குள் இருந்த விரிவுரைக் குறிப்புகளுக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. அநியாயம்.

சனி ஞாயிறுகளில் கொழும்பு. பதிப்பு முகாமைத்துவத்தில் முதுமாணிப் பட்டப்படிப்பு. மற்ற நாட்களில் புத்தளத்தில் பதுர்தீன் ஹாஜியாரின் அச்சகம். அங்கே எழுத்துப் பிழை பார்ப்பேன், கணினியில் பக்கம் அமைப்பேன், தேநீரும் ஊற்றுவேன். நாங்கள் அச்சடிப்பவை கல்யாண அட்டை, அரிசி ஆலைப் பில், பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கான மாதிரி வினாத்தாள். புத்தகம் என்று ஒன்று அந்த வாசலால் வெளியே போனதாக எனக்கு நினைவில்லை.

இன்றைய விரிவுரை ‘உலகப் பதிப்புத் துறையின் எதிர்காலம்’. கலாநிதி குலசேகரம் சேர் காலையிலிருந்து திரையில் வட்டமும் அம்புக்குறியும் காட்டிக்கொண்டிருந்தார். முடிவில் இறுதி ஆண்டுச் செயற்றிட்டத்தை அறிவித்தார். ஒவ்வொருவரும் ஒரு புத்தகத்தைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து கடை வரை கொண்டுபோக வேண்டும். உயிரோடு இருக்கிற எழுத்தாளர், உண்மையான அச்சு, உண்மையான வாசகர்.

“உங்கட வாசகர் யார் எண்டு ஒரு வசனத்தில சொல்லுங்கோ பாப்பம், நிஃப்லா” என்றார்.

“புத்தகம் வாங்குற ஆள், சேர்.”

வகுப்பு சிரித்தது. சேர் சிரிக்கவில்லை. எதையோ குறித்துக்கொண்டார்.

ஜனவரி 11

பக்கத்து வீட்டில் உம்மாவிடம் கேட்டார்களாம், மகள் கொழும்புக்கு என்ன படிக்கப் போகிறாள் என்று. உம்மா “புத்தகம்” என்றாராம். “அத வீட்டுல இரிந்து படிக்கேலாதா?” என்றார்களாம். அது உம்மாவுக்கு நியாயமாகப் பட்டிருக்கிறது. வந்து என்னிடம் கேட்கிறார்.

ஜனவரி 16

ஏன் படிக்கிறேன் என்று எனக்கு நானே ஒருமுறை சொல்லிக்கொள்ள வேண்டும். குடும்பம் தொண்ணூறில் முஸ்லிம்களை வெளியேற்றினபோது மன்னாரிலிருந்து கையில் கிடைத்ததோடு வந்தது. நான் பிறந்தது இங்கே, பாலாவியில், அகதிகளுக்குக் கட்டின கிடுகுக் கொட்டிலில். முப்பது வயதாகிறது. இன்னும் யாராவது ஊரைக் கேட்டால் உம்மா மன்னார் என்கிறார், நான் புத்தளம் என்கிறேன், கேட்டவர் இரண்டையும் நம்பாமல் பார்க்கிறார். எனக்கு வேண்டியது கொழும்பில் ஒரு பதிப்பகத்தில் ஒரு கதிரை. சுற்றுகிற கதிரை. அதில் இருந்துகொண்டு மற்றவர்களை ‘திங்கட்கிழமை வந்து பாருங்கள்’ என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் இலட்சியம். இதைச் செயற்றிட்ட முன்மொழிவில் எழுத முடியாது.

ஜனவரி 30

எழுத்தாளர் கிடைத்துவிட்டார்.

கற்பிட்டியில் ஹவ்வா டீச்சர். பள்ளிக்கூடத்தில் தையல் படிப்பிக்கிறார். ஐம்பதைத் தாண்டியவர், கல்யாணம் முடிக்கவில்லை, அதைப் பற்றிக் கேட்பவர்களைத் திரும்பக் கேட்கப் பயப்பட வைக்கும் ஆள். நாவல் ஒன்று எழுதி வைத்திருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போனேன். ‘சம்பந்தம் பேசப் போனவள்’ என்று பெயர். கல்யாணத் தரகுக்காரி ஒருத்தி, வீடு வீடாகப் போய் மாப்பிள்ளை பேசுகிற கதை.

“யாருக்காவது காட்டியிருக்கீங்களா டீச்சர்?”

“கொழும்புல ஒருத்தருக்கு அனுப்பினன். நல்லாரிக்கி, ஆனா ஆக்கள் இப்புடிக் கதைக்க மாட்டாங்க எண்டு எழுதினாரு. நான் கற்பிட்டிச் சந்தையில நிண்டு இந்தக் கடதாசிய உரத்து வாசிச்சிக் காட்டினன். இப்புடிக் கதைக்க மாட்டமாம், கேட்டீங்களா எண்டு. எல்லாரும் அப்புடியே கதைச்சாங்க.”

அந்த இடத்திலேயே எனக்கு இந்தப் பெண்ணைப் பிடித்துவிட்டது.

பெப்ரவரி 6

வாசித்து முடித்தேன். பஸ்ஸில் சிரித்ததில் பக்கத்தில் இருந்த பெண் எழும்பி வேறு ஆசனத்துக்குப் போனார்.

ஒரு சிக்கல். ஏழாம் அத்தியாயத்தில் ஒரு வெங்காய முதலாளி வருகிறார். வந்த கடித உறையைக் கிழித்துத் திருப்பி அதன் உட்பக்கத்தில் கணக்கு எழுதுவார். பேனையை நூலில் கட்டிக் கழுத்தில் தொங்கவிடுவார். முடியாது என்று சொல்ல வேண்டிய இடத்திலெல்லாம் ‘இன்ஷா அல்லாஹ்’ என்பார். பெண் பார்க்கப் போன வீட்டில் வட்டிலப்பத்தை மூன்று தரம் வாங்கித் தின்றுவிட்டு, கை கழுவப் போகிறேன் என்று பின்கதவால் ஓடி, களப்பில் தோணி பிடித்துத் தப்புவார்.

கழுத்தில் பேனை தொங்குகிற ஆள் இந்த மாவட்டத்தில் ஒருவர்தான் எனக்குத் தெரியும். அவரிடம்தான் நான் சம்பளம் வாங்குகிறேன்.

பெப்ரவரி 8

டீச்சருக்கு அழைப்பு எடுத்தேன். “வெங்காய முதலாளி யார் டீச்சர்?”

“வெங்காயம் விக்கிற ஒருத்தன்.”

“எங்கட ஹாஜியார் மாதிரி இருக்கு.”

“உங்கட ஹாஜியார் வெங்காயமா விக்கிறாரு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார். பிறகு அவரே எடுத்தார். “அந்த அத்தியாயத்துல கை வெச்சா புத்தகமும் இல்ல நானும் இல்ல. சொல்லிட்டன்.”

மார்ச் 5

முன்மொழிவுக்கு அனுமதி கிடைத்தது. சேரின் குறிப்பு: ‘பேச்சு மொழி வேற்றிட வாசகரைத் தடுக்கலாம். இரிக்கி என்பதை இருக்கிறது என மாற்றுவது பற்றிச் சிந்திக்கவும்.’ சிந்தித்தேன். முடிந்தது.

மார்ச் 26

கடதாசி இல்லை. நாட்டிலேயே இல்லை. பத்திரிகைகள் பக்கத்தைக் குறைக்கின்றன, சிலது நின்றேவிட்டன. பரீட்சைக்குக் கடதாசி இல்லை என்று பரீட்சையை ஒத்திவைக்கிறார்கள். நான் பள்ளிக்கூடம் போன காலத்தில் இப்படி ஒரு நல்ல விஷயம் நடக்கவில்லை.

சேர் இணையவழி வகுப்பில் ‘இடர் முகாமைத்துவம்’ நடத்தினார். நடுவில் மின்சாரம் போனது. எனக்கா, அவருக்கா என்று தெரியவில்லை. இருவருக்கும்தான் போலிருக்கிறது.

மார்ச் 31

இன்று பகலில் பெரும்பாலும் மின்சாரம் இல்லை. அச்சகத்தில் எல்லோரும் இயந்திரத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தோம். ஆள் மௌத்தான வீடு போல. தேநீர் மட்டும் நன்றாக ஓடியது.

ஏப்ரல் 17

நோன்பு. வீட்டில் எரிவாயுவும் இல்லை. உம்மா விறகில் கஞ்சி காய்ச்சுகிறார். கண் சிவந்து வந்து, “உன்ட புத்தகக் கட்டு ஒண்ட அடுப்புக்குத் தாறியா?” என்றார். சந்தைப்படுத்தல் கோட்பாடு, இரண்டாம் பாகம் கொடுத்தேன். நன்றாக எரிந்தது. அதற்கு அப்படி ஒரு பயன் இருந்திருக்கிறது.

மே 21

முழுத் தீவிலும் தேடி அலைந்த கடதாசி என் முதுகுக்குப் பின்னால் இருந்தது. ஹாஜியாரின் களஞ்சிய அறையில். மாதிரி வினாத்தாளுக்கென்று போன வருஷம் வாங்கி அடுக்கினது. பிள்ளைகள் ஒழுங்காகப் பள்ளிக்கூடம் போவதில்லை, வினாத்தாள் கேட்க ஆளில்லை, அது சும்மா கிடக்கிறது. அறைப் பூட்டின் திறப்பை அவர் இடுப்பில் வைத்திருக்கிறார்.

கேட்டேன். “ஹாஜியார், என்ட படிப்புக்கு ஒரு புத்தகம் அடிக்கணும். வித்துத்தான் காசு தரலாம்.”

“இன்ஷா அல்லாஹ்” என்றார்.

செத்தேன் என்று நினைத்தேன்.

மே 23

இந்த முறை அவர் சொன்ன இன்ஷா அல்லாஹ் உண்மையான இன்ஷா அல்லாஹ்வாம்! காலையில் திறப்பைக் கழற்றி மேசையில் வைத்தார். “பூச்சி அரிக்கிறதுக்கு முந்தி எடு. யார்ட புத்தகம்?”

“கற்பிட்டி ஹவ்வா டீச்சர்ட.”

நூலில் தொங்கின பேனையை ஒரு பக்கம் சுற்றி, மறுபக்கம் சுற்றி, “நல்லா எழுதுவாவா?” என்றார்.

“நல்லா எழுதுவா. நீங்க வாசிச்சுப் பாக்குறீங்களா?”

“நான் அச்சடிக்கிறவன் புள்ள. வாசிக்கிறவன் இல்ல.”

ஜூன் 8

பக்கம் அமைத்து முடிந்தது. ஏழாம் அத்தியாயத்தை அமைக்கும்போது திரையை அவர் பக்கம் திரும்பாமல் வைத்துக்கொண்டு வேலை செய்தேன். ஏதோ கள்ளக் கடத்தல் மாதிரி.

அவர் வாசிக்க மாட்டார். சத்தம் போடாமல் அச்சடித்துவிடலாம். அடித்த பிறகு என்ன செய்ய முடியும்? திருப்பி வெள்ளைக் கடதாசியாக்கவா முடியும்? செயற்றிட்டம் முடியும், பட்டம் வரும், நான் கொழும்புக்குப் போய்விடுவேன்.

ஆனால் ஊரில் எல்லோரும் ஒரு கிழமைக்குள் வாசித்துச் சிரிப்பார்கள். அவருக்குக் கடைசியாகத்தான் தெரியவரும். அதுவும் தன் கடதாசியில் தானே அடித்துக் கொடுத்த பிறகு. நான் அன்றைக்கும் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொடுக்க வேண்டும்.

சீ. என்னால ஏலாது.

ஜூன் 14

சொல்லிவிட்டேன்.

பகல் மின்வெட்டு. மற்றவர்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். கதிரையை இழுத்துப்போட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். “ஹாஜியார், இதுல ஒரு அத்தியாயத்த நான் வாசிச்சுக் காட்டணும். கேட்டுட்டு அடிக்கிறதா இல்லையா எண்டு சொல்லுங்க” என்றேன். முழுவதையும் வாசித்தேன். வட்டிலப்பம், பின்கதவு, தோணி, எல்லாம்.

அவர் சிரிக்கவும் இல்லை, கோபப்படவும் இல்லை.

“இது நான்.”

“ஓம், ஹாஜியார்.”

“வெங்காயம் என்னத்துக்கு?”

“ஆள மறைக்க.”

“எனக்கு வெங்காயம் ஒத்துக்கொள்ளாது.” பிறகு, “கஞ்சன் எண்டு எழுதியிரிக்கி. அது சரி. மூணு தரம் திண்டன் எண்டு எழுதியிரிக்கி. அதுவும் சரி. ஆனா நான் ஓடல்ல புள்ள. அவதான் என்ன வேணாண்டு சொன்னா.”

அவரே சொன்னார். அப்போது அவருக்கு இருபத்தைந்து வயது. அச்சகம் அவருடைய வாப்பாவுடையது. ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி அடுக்கி அடிக்கிற காலம். பெண் பார்க்கப் போவதற்கு முதல் கிழமையே இவர் தன் கையால் கல்யாண அட்டையை அடுக்கி, மாதிரிக்கு ஒன்று அடித்து, சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போயிருக்கிறார். பெண் இன்னும் சம்மதிக்கவில்லை. பார்க்கவேயில்லை!

“அவட பேருக்கு ஒரு வ் தேவ. எழுத்துப் பெட்டியில வ் இல்ல. செவ்வாய்ச் சந்தைக்கு ஒரு பெரிய நோட்டிஸ் அடுக்கி வெச்சிரிந்தம். இரிந்த வ் எல்லாம் அதுல போயிட்டு. வாப்பா அதக் கலைக்க உடல்ல. எனக்குப் பொறுமையும் இல்ல. ஹவா எண்டு அடிச்சிக்கிட்டுப் போனன்.”

“டீச்சர் பாத்தாவா?”

“பாத்தா. பேனை ஒண்டு எடுத்து பிழையத் திருத்தினா. கீழ இரிந்த கல்யாணத் திகதியயும் சேத்து வெட்டினா. அட்டைய என்ட கையில தந்துட்டு உள்ளுக்குப் போயிட்டா.”

வெளியே பஸ் ஒன்று ஹோன் அடித்துக்கொண்டு போனது. நான் சிரித்துவிடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைப் பார்த்த பிறகு அந்தச் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

எழும்பும்போது சொன்னார்: “ஓடினவன் எண்டு போட்டா கடதாசி இல்ல. வேணாண்டு சொன்னா எண்டு போட்டா கடதாசி இரிக்கி. போய்ச் சொல்லு.”

ஜூன் 15

பாடத்திட்டம் முழுவதையும் புரட்டிப் பார்த்தேன். அவதூறு பற்றி இருக்கிறது. தன்னைப் பற்றி எழுதினதை எடுக்கச் சொல்கிறவரை என்ன செய்வது என்று இருக்கிறது. தான் மறுக்கப்பட்டதை ஒழுங்காக எழுதச் சொல்லிக் கேட்கிறவரை என்ன செய்வது என்று எந்த இடத்திலும் இல்லை.

ஜூன் 18

டீசல் இல்லாததால் பஸ் அபூர்வம். வெங்காயம் ஏற்றப் போன லொறியின் முன் ஆசனத்தில் கற்பிட்டி போய்ச் சேர்ந்தேன். சாரதி வழி முழுக்க அரசாங்கத்துக்கு ஏசிக்கொண்டு வந்தார். சில வார்த்தைகள் எனக்குப் புதிது. குறித்து வைக்க வேண்டும்.

டீச்சர் பள்ளிக்கூடச் சீருடை ஒன்றுக்குக் கரை தைத்துக்கொண்டிருந்தார். நான் சொல்லச் சொல்ல இயந்திரம் நிற்கவில்லை.

“அவருக்குக் காட்டினியா? என்னக் கேக்காம?”

“ஓம் டீச்சர்.”

“நல்ல பதிப்பாளர் நீ.”

அது பாராட்டு இல்லை. அது எனக்கு விளங்காமலும் இல்லை. “டீச்சர், ஏன் அவர் ஓடினதா எழுதினீங்க?” என்று கேட்டேன்.

“பாவம் பாத்துத்தான். ஒரு பொம்புள வேணாண்டு சொன்னா எண்டு எழுதினா அந்த ஆளுட மானம் போயிரும். ஓடினான் எண்டா ஊர் சிரிச்சிட்டு உட்டுரும்.”

“அவருக்கு அந்தப் பாவம் வேணாமாம்.”

தையல் தொடர்ந்தது. நான் ‘வ்’ கதையைச் சொன்னேன். எழுத்துப் பெட்டி, நோட்டிஸ், வாப்பா கலைக்க விடாதது. நடுவில் எங்கேயோ இயந்திரம் நின்றிருக்கிறது. நான் கவனிக்கவில்லை.

“எழுத்துப் பஞ்சமா?” என்றார். “பேரையும் கேக்காம வந்துட்டான், எழுத்துக் கூட்டவும் தெரியாதவன் எண்டு நினைச்சன். இவ்வளவு காலமும் அப்புடித்தான் நினைச்சிக்கிட்டிரிந்தன். ஒரு வார்த்த சொல்லியிரிக்கலாமே.”

“சொல்லியிருந்தா, டீச்சர்?”

யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

“அப்பவும் வேணாண்டுதான் சொல்லியிரிப்பன். ஆனா கொஞ்சம் மெதுவாச் சொல்லியிரிப்பன்.”

திரும்பி வர வாகனம் இல்லை. பின்னேரம் வரை அங்கேயே இருந்தேன். வட்டிலப்பம் தந்தார். நான் ஒரு தரம்தான் வாங்கினேன். எழுத்தாளர்களின் வீட்டில் கவனமாக இருக்க வேண்டும்.

ஜூன் 27

டீச்சரிடமிருந்து ஒன்றும் இல்லை. அழைப்புக்கும் பதில் இல்லை. சேர் மின்னஞ்சலில் கேட்கிறார்: ‘அச்சு அட்டவணை எந்நிலையில் உள்ளது?’ எழுதினேன்: ‘எழுத்தாளர் தையல் தைக்கிறார், சேர்.’ அனுப்பவில்லை. அழித்துவிட்டு ‘நடைபெறுகிறது’ என்று அனுப்பினேன்.

ஜூலை 6

ஏழாம் அத்தியாயம் வந்தது. கைப்பேசியில் படம் பிடித்து, பக்கம் பக்கமாக. வெங்காயம் போய்விட்டது. ஆள் இப்போது அச்சகக்காரன். சட்டைப் பையில் அட்டையோடு வருகிறான். கழுத்தில் பேனை. மூன்று தரம் வட்டிலப்பம். அந்தப் பெண் அட்டையை வாங்குகிற இடம் வரை நான் வழக்கம்போலச் சிரித்தேன். பிறகு அவள் பேனையை எடுக்கிறாள். அவன் இன்னும் சிரித்துக்கொண்டே நிற்கிறான், ஏதோ முகவரியைச் சேர்க்கிறாள் என்று நினைத்துக்கொண்டு.

கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு முற்றத்தில் போய் நின்றேன்.

முதலில் எழுதினதை நான் எத்தனை பேரிடம் புத்தகத்திலேயே சிறந்த பகுதி என்று சொல்லித் திரிந்தேன்! அது வெறும் பகிடி. இதுதான் கதை. இதைக் கேட்டு வாங்கினது நானில்லை, ஹாஜியார்தான். முதுமாணி படிப்பது நான், வாசிக்கிறவன் இல்லை என்று சொன்னவர் அவர். இதில் எனக்கு வந்த எரிச்சல் கொஞ்சநஞ்சமில்லை.

ஜூலை 7

ஹாஜியாருக்கு வாசித்துக் காட்டினேன். கடைசி வரி முடிந்ததும், “ம்” என்றார். பிறகு தன் பெயர் போடாமல் இருக்கிறதா என்று கேட்டார். பெயர் எங்கேயும் இல்லை என்றேன். “தெரியிற ஆக்களுக்குத் தெரியும்” என்றார். பயந்து சொன்ன மாதிரி இல்லை.

ஜூலை 9

கொழும்பில் சனம் ஜனாதிபதி மாளிகைக்குள் போய் நீச்சல் தடாகத்தில் குளிக்கிறது. நாங்கள் புத்தகத்தின் முதல் பாரம், பதினாறு பக்கம், அடித்தோம். மின்சாரம் இருந்த நேரத்துக்குள் அதுவும் இதுவும் நடந்தன.

ஜூலை 25

கடதாசி போதவில்லை. கடைசிப் பக்கங்களுக்கு அரிசி ஆலைப் பில்லுக்கென்று வைத்திருந்த மஞ்சள் கடதாசி. புத்தகத்தைப் பக்கவாட்டில் பார்த்தால் அடிப்பிடித்த பாண் மாதிரி இருக்கிறது. டீச்சருக்குக் காட்டப் பயமாக இருந்தது. புரட்டிப் பார்த்துவிட்டு, “முடிவு கிட்ட வருது எண்டு ஆக்களுக்குத் தெரியும், நல்லது” என்றார்.

ஓகஸ்ட் 20, சனி

வெளியீடு. கற்பிட்டியில் டீச்சரின் வீட்டு முற்றம். மண்டபம் எடுக்கவில்லை, அதிதிகள் இல்லை, பொன்னாடை இல்லை, ஒருவரும் ஒருவரைப் பற்றியும் உரையாற்றவில்லை. அதனாலேயே கூட்டம் வந்ததென்று நினைக்கிறேன். உம்மா முன்வரிசையில் இருந்து, மேடையே இல்லாத இடத்தில் மேடையைத் தேடிக்கொண்டிருந்தார்.

ஹாஜியார் பிந்தி வந்தார், மனைவி றம்லா மாமியோடு. மாமி நேரே டீச்சரிடம் போனார். நான் பின்னாலேயே ஓடினேன்.

“நீங்க வேணாண்டு சொன்ன ஆள்தானே என்ட தலையில வந்து விழுந்தது” என்றார் மாமி. “எனக்கு நீங்க நட்டஈடு தரணும்.”

“ஒரு புத்தகம் சும்மா தாறன்” என்றார் டீச்சர்.

“ரெண்டு தாங்க. மூத்த மகள் வெளிநாட்டுல. அவளும் இவரால கஷ்டப்பட்டவதான்.”

இரண்டு பேரும் சிரிக்கத் தொடங்கினார்கள். அது நிற்க நேரமெடுத்தது. ஹாஜியார் அந்தப் பக்கம் பார்க்காமல் முருங்கை மரத்தை ஆராய்ந்துகொண்டு நின்றார். பிறகு வரிசையில் வந்து, தானே அடித்த புத்தகத்தைக் காசு கொடுத்து வாங்கி, கையெழுத்துக்கு நீட்டினார். நான் அவரைக் காசு கொடுத்து ஒரு பொருள் வாங்கக் கண்டது அதுதான் முதல்.

டீச்சர் பேனையைத் திறந்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். “உங்கட பேர எப்புடி எழுதுற? பிழை உடக்கூடாது.”

அவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ப. து. ர். டீச்சர் ஒவ்வொன்றாக எழுதினார். ‘ர்’ போடும்போது புள்ளியை இரண்டு தரம் அழுத்தினதை நான் பார்த்தேன்.

செப்டம்பர் 24

வாய்மொழிப் பரீட்சை. சேரோடு இன்னும் இரண்டு பேர். அச்சு பிந்தினது, கடதாசி இரண்டு நிறம், சந்தைப்படுத்தல் திட்டத்தில் வரைபடம் இல்லை. எல்லாம் உண்மை.

“எழுத்தாளரை ஓர் அத்தியாயத்தைத் திருத்தி எழுதவைத்தது யாருடைய தீர்மானம்?”

“கடதாசிக்காரர்ட, சேர்.”

“அது தொழில்முறையா?”

“இல்ல சேர். ஆனா சரி.”

‘பி’ தரம் தந்திருக்கிறார்கள். போகும்போது சேர் கூப்பிட்டு, “பிள்ளை, உங்களட்ட இன்னும் இரண்டு பிரதி இருக்குதோ? என்ர மனுசி என்னுடையதைத் திருப்பித் தாறா இல்லை” என்றார். “நான் மாத்தச் சொன்ன அந்தப் பேச்சு மொழியை அப்பிடியே விட்டது நல்லது” என்று தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

ஒக்டோபர் 12

வேலைக்கு விண்ணப்பித்திருந்த கொழும்புப் பதிப்பகம் பதில் அனுப்பியது. ‘தற்போதைய பொருளாதாரச் சூழ்நிலை காரணமாகப் புதிய நியமனங்கள் இடைநிறுத்தப்பட்டுள்ளன.’ கதிரை இல்லை. சுற்றுகிறதும் இல்லை, சுற்றாததும் இல்லை.

அழவில்லை. கொஞ்சம்தான்.

உம்மா தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, “கடதாசி இல்லாத இடத்துல நீ போய் என்ன செய்யப் போறாய்” என்றார். ஆறுதலா, கிண்டலா என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் இரண்டும் ஒரே கோப்பையில்தான் வரும்.

ஒக்டோபர் 14

ஹாஜியாரிடம் வேலை கிடைக்கவில்லை என்று சொன்னேன். பில் புத்தகத்துக்கு ஒட்டுப் பசை தடவிக்கொண்டே, “அப்ப அடுத்த புத்தகம் எது?” என்றார்.

நவம்பர் 19

புத்தளம், சிலாபம், கற்பிட்டி. ஐந்து கடைகளில் புத்தகம் வைத்திருந்தேன். இன்று சுற்றிப் பார்த்தேன். சிலாபத்தில் பெட்டியைப் பிரிக்கவேயில்லை. “கொப்பி, பென்சில் தவிர ஒண்டும் போகாது தங்கச்சி” என்கிறார். புத்தளத்தில் அதன் மேல் எலி மருந்தை அடுக்கியிருக்கிறார்கள்.

கற்பிட்டியில் மட்டும் முடிந்துவிட்டது. அது டீச்சரின் ஊர், முடியத்தானே வேண்டும்.

இருந்தும் ஒன்று புரியவில்லை. களஞ்சியத்தில் கட்டுகள் குறைந்திருக்கின்றன. ஹாஜியாரிடம் கேட்டால் “பூச்சி” என்கிறார். பூச்சி கட்டோடு தூக்கிக்கொண்டு போகுமா?

டிசம்பர் 3

இன்று ஒருவர் கையெழுத்துப் பிரதியோடு வந்தார். உச்சமுனையில் மீன்பிடிக்கிற அல்பேட். காற்றையும் வலையையும் மாமியாரையும் பற்றி எழுதியிருக்கிறார். மாமியார் பகுதிகள்தான் அதிகம். “திங்கட்கிழமை வந்து பாருங்கள்” என்று வாய்வரை வந்தது. “இருங்க, இப்பவே வாசிக்கிறன்” என்றேன்.

டிசம்பர் 29, வியாழன்

கற்பிட்டியிலிருந்து பாலாவிக்கு பஸ். அல்பேட்டின் புத்தகத்தைப் பற்றி டீச்சரிடம் கருத்துக் கேட்கப் போய்விட்டு வருகிறேன். (“மாமியாரக் கொஞ்சம் நல்லவளாக்கச் சொல்லு. அப்பதான் இன்னும் பயமாரிக்கும்.”) ஜன்னல் பக்கத்தில் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். மடியில் மரக்கறிப் பை, கையில் எங்கள் புத்தகம். மஞ்சள் பக்கங்களுக்கு இன்னும் வரவில்லை. விரல் ஏழாம் அத்தியாயத்தில்.

எனக்கு மூச்சு விடவும் பயமாக இருந்தது. பஸ் உலுக்கின உலுக்கலில் கண் எப்படி எழுத்தைப் பிடித்ததோ தெரியவில்லை. ஒரு இடத்தில் நிறுத்தி, விரலை வைத்துப் புத்தகத்தை மூடி, வெங்காயத் தோட்டங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம். பிறகு நான் பார்ப்பதைக் கண்டுவிட்டார்.

“இத வாசிச்சிரிக்கியா புள்ள?”

“இல்ல” என்றேன். ஏன் அப்படிச் சொன்னேனோ.

“வாசி. ஆனா நான் இதத் தரமாட்டன். இன்னும் முடியல்ல.”

“எங்க வாங்கலாம்?”

“பாலாவிச் சந்தியில, கருவாட்டுக் கடையில.”

நான் புத்தகம் வைத்த கடைகளை எனக்கு மனப்பாடம். அதில் கருவாட்டுக் கடை இல்லை.

“கருவாட்டுக் கடையில புத்தகம் விக்கிறாங்களா?”

“புத்தளத்துல அச்சகம் வெச்சிரிக்காரே ஒரு ஹாஜியார், கழுத்துல பேன தொங்கும், அவர்தான் கொண்டுவந்து வெச்சிட்டுப் போறாரு. அந்த ரோட்டுல எல்லாக் கடையிலயும் வெச்சிரிக்காரு. முடிய முடிய வந்து அடுக்குறாரு.” அவர் புத்தகத்தைத் திரும்பத் திறந்தார். “நான் வாங்கக்குள்ள அவரும் அங்கதான் நிண்டாரு. ஏழாம் அத்தியாயத்தத் தானே திறந்து காட்டி, ‘தங்கச்சி, இது நான்’ எண்டாரு.”